பக்கப் இருக்கிறது, சேர்வர் எழும்புமா?

பங்குனி மாதம், நெல் வந்து குவிகிற நேரம், சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் சேர்வர் இடி மின்னலில் போய்விட்டது. "பக்கப் இருக்குது தம்பி, பயப்படாதீங்க" என்று முதலாளி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கையில் தந்தார். முந்தின இரவு எடுத்த முழு இமேஜ், அதாவது சேர்வர் டிஸ்க்கின் அப்படியே பிரதி, அதில் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுச் சேர்வரில் மீட்பு யூஎஸ்பியைப் போட்டு இமேஜைக் காட்டினால், எழுதுவதற்கு டிஸ்க் எதுவுமே இல்லை என்று திரை சொல்கிறது. டிஸ்க் சுற்றுகிற சத்தமோ காதில் கேட்கிறது! டிஸ்க்குகளை இயக்குகிற ரெய்ட் கார்டை மெஷினுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள் அந்த யூஎஸ்பியில் இல்லை, அவ்வளவுதான். போனில் டேட்டா போட்டு அதைத் தேடி இறக்கி முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை வாசலில் லொறிகள் நிற்க, பிள்ளைகள் கொப்பியில் கையால் கணக்கு எழுதினார்கள்.

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம், பாமசியோ ஹார்ட்வெயார் கடையோ, நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பக்கப்பை வைத்து ஒரு தடவையாவது முழுச் சேர்வரையும் வேறொரு மெஷினில் எழுப்பிப் பார்த்தீர்களா? அனேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். பக்கப் வெற்றி என்று பச்சை அடையாளம் வந்தால் கோப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், அதிலிருந்து மெஷின் பூட் ஆகுமா, அதாவது எழும்பி ஓடுமா என்பது வேறு விஷயம்.

பூட் ஆகாமல் போவதற்கு டிரைவர் மட்டும் காரணமில்லை. மெஷினை எழுப்புவதற்குப் பழைய பயோஸ், புதிய யூஈஎஃப்ஐ என்று இரண்டு முறை உண்டு; பயோஸ் முறையில் ஓடிய சேர்வரின் விண்டோஸ் இமேஜை யூஈஎஃப்ஐ முறையில் ஏற்றிய மெஷினில் அப்படியே போட்டால் அது எழும்பாது. சில பக்கப் மென்பொருள்களில் பழைய டிஸ்க்கை விடச் சின்ன டிஸ்க்கிலும் ஏறாது, உள்ளே பாதிதான் நிரம்பியிருந்தாலும் சரி. கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் கோப்பை மட்டும் தினமும் கொப்பி பண்ணுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். விண்டோஸ், பயனர் கணக்குகள், பிரின்டர், லைசன்ஸ் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டிவரும். அதோடு, ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸ் கோப்பைச் சும்மா கொப்பி பண்ணினால் அது திறக்கும் என்று நம்ப முடியாது.

நேரக் கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. கிளவுடில் 1 டெராபைட் இருக்கிறது, உங்கள் இணைப்பு 50 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஒரு நிமிடம்கூடக் குறையாமல் வந்தாலும் இறங்கி முடிய ஏறத்தாழ 44 மணித்தியாலம் ஆகும். இடையில் கரண்ட் போனால்? அதே டேட்டா யூஎஸ்பி 3இல் கொழுவிய டிஸ்க்கில் இருந்தால் 3 மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். ஆகவே கிளவுட் பக்கப் வேண்டும், அதோடு கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு டிஸ்க்கும் வேண்டும். எத்தனை மணித்தியாலம் கடை நின்றால் தாங்கும், எத்தனை நாள் பில் தொலைந்தால் தாங்கும் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும், ஐடி பொடியன் ஊகிக்கக் கூடாது.

சரி, டிஸ்க்கை எங்கே வைக்கிறீர்கள்? சேர்வரிலேயே எந்நேரமும் கொழுவி வைத்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கிற ரான்சம்வெயார் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கக் கிளவுடுக்கு அப்படித்தான் நடந்தது. கணினியோடு பக்கப்பும் மாட்டியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை, ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இரண்டாவது சேர்வருக்கு உடனுக்குடன் பிரதியாகிறது, அது போதும் என்று நினைப்பதும் பிழை, அழிவும் உடனுக்குடன் பிரதியாகும். 2017இல் மேர்ஸ்க் கப்பல் கம்பனியின் டொமைன் கன்ட்ரோலர்கள், அதாவது பயனர் கணக்குகளை வைத்திருக்கிற, ஒன்றுக்கொன்று பிரதியான சேர்வர்கள், ஒரே தாக்குதலில் போயின. கானாவில் கரண்ட் போனதால் அணைந்து கிடந்த ஒன்றுதான் தப்பி, மற்ற எல்லாவற்றையும் மீட்க உதவியது.

வெள்ளத்தைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 சுனாமியில் கல்லடியும் கல்முனையும் பட்டதைக் கண்டோம், 2011 தை மாத வெள்ளம், 2024 கார்த்திகை வெள்ளம். அப்படியிருந்தும் கீழ்த்தட்டில், மேசைக்குக் கீழே சேர்வர், அதே மேசை லாச்சியில் பக்கப் டிஸ்க். ஒரு பிரதியாவது வேறு ஊருக்குப் போகட்டும். கல்முனைக் கடையின் டிஸ்க்கைக் கல்முனையிலேயே இருக்கிற மச்சான் வீட்டில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான்.

டிஸ்க்கைப் பூட்டுகிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி, பக்கப்பின் பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட், இவையெல்லாம் செத்துப்போன சேர்வருக்குள்ளேயே ஒரு எக்செல் கோப்பில் இருந்து நான் கண்டிருக்கிறேன். தாளில் எழுதி முதலாளியின் அலுமாரியில் பூட்டுங்கள். எதை முதலில் எழுப்ப வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்: டொமைன் கன்ட்ரோலர், பிறகு டேட்டாபேஸ், அப்புறம்தான் பில்லிங்.

அந்த ஆலையில் இப்போது மாரி தொடங்க முன்னம், ஒரு போயா லீவில், பழைய மெஷின் ஒன்றில் முழு ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டுத்தான் செய்கிறோம், இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு சேர்வர் வந்து மோதும். காசாளர் தங்கச்சி நேற்றைய கடைசிப் பில்லைத் திறந்து, இலக்கமும் தொகையும் கொப்பியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் மெஷினை அணைக்கிறோம். டிரைவர் போட்ட யூஎஸ்பி, பெயர் எழுதி, சேர்வர் அலுமாரிக் கதவின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.