டிராக் செலவு: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டினால் பர்ஸைக் காலி செய்வது பிரேக்கும் டயரும்தான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கிளம்பும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். புது டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிய பழசு 155-லேயே கொதிக்கலாம், பெடல் பஞ்சாகித் தரைவரை போகும். சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐந்தாறு சுற்று விரட்டியதும், கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூட்டில் பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் ஒட்டினால் பிரேக் உதறும், டிஸ்க்குக்கும் தண்டம்.

சூட்டில் டயரின் காற்றழுத்தம் ஏறும். டிராக்கை விட்டு வந்த கையோடு அளந்து இறக்குங்கள். வீடு திரும்புமுன் மறக்காமல் நிரப்புங்கள்.

பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் சாதாரண இன்ஷூரன்ஸ் செல்லாது. இடித்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.