லைவ் ஸ்விட்சருக்கு டிரான்ஸ்பரன்ட் டைட்டில்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த டைட்டில் (பேசுபவர் பெயர் மாதிரி படத்தின் மேல் வரும் எழுத்துப் பட்டை), ஸ்விட்சர் (நேரலையில் கேமராக்களையும் கிராபிக்ஸையும் மாற்றிக் கலந்து காட்டும் கருவி) வழியாகப் போனதும் எழுத்தைச் சுற்றி அழுக்குக் கோடு விழுந்தோ, பின்னால் வெள்ளைப் பெட்டியோடோ, படம் முழுக்க லேசான மூடுபனி படர்ந்த மாதிரியோ வந்தால் உடனே டிசைனை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் டிசைனில் குறையே இருக்காது. டிரான்ஸ்பரன்ட் டைட்டில் என்பது உண்மையில் இரண்டு படம். ஒன்று நிறத்தைச் சுமக்கும் ஃபில். இன்னொன்று எந்த இடத்தில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம், அதாவது கீ, ஆல்ஃபா என்றும் சொல்வோம். எல்லோரும் முதல் படத்தையே பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறார்கள், சிக்கல் வருவதோ இரண்டாவதில்.

அடிப்படைத் தவறு ஃபைல் ஃபார்மட். ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது, சேமித்த நொடியிலேயே டிரான்ஸ்பரன்சி போய்விடும். பிஎன்ஜி எடுங்கள், அல்லது 32 பிட் டிஜிஏ. இணையத்தில் 'டிரான்ஸ்பரன்ட் லோகோ' என்று தேடி எடுத்த படத்தில் அந்தச் சாம்பல் வெள்ளைக் கட்டங்களே படமாக அச்சாகியிருப்பதும் உண்டு. அடியில் ஒரு நிற லேயரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அசையும் டைட்டில் என்றால், எம்பி4-க்குள் வழக்கமாகப் போடும் எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் ஆல்ஃபா வராது. புரோரெஸ் 4444 என்ற வீடியோ ஃபார்மட் வேண்டும் (422 போதாது, அதில் ஆல்ஃபா இல்லை), ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீமிங் மென்பொருள் என்றால் விபி9 வெப்எம் வீடியோவும் வேலை செய்யும். இதைவிட முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் ஸ்விட்சர் வீடியோவை ஏற்குமா என்பது. ஏடெம் மினி என்ற சிறிய ஸ்விட்சரின் மீடியா பூலில் (படங்களை ஏற்றி வைக்கும் அதன் நினைவகம்) 20 ஸ்டில் படங்களுக்குத்தான் இடம், வீடியோ கிளிப் ஏற்ற முடியாது. அது தெரியாமல் இரவெல்லாம் அனிமேஷன் செய்துகொண்டு வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம், ப்ரீமல்டிப்ளைட். எழுத்தின் விளிம்பிலும் நிழலிலும் பாதி தெரியும் பிக்சல்கள் இருக்கும். ஸ்ட்ரெயிட் ஆல்ஃபா ஃபைலில் நிறம் முழுதாக இருக்கும், ஸ்விட்சர்தான் அதைக் கீயால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ப்ரீமல்டிப்ளைட் ஃபைலில் பெருக்கல் ஏற்கெனவே முடிந்திருக்கும், ஸ்விட்சர் கூட்டினால் போதும். ஃபைல் ஒரு விதமாகவும் கீயர் (ஸ்விட்சரில் டைட்டிலைக் கேமரா படத்தின் மேல் ஒட்டும் பகுதி) வேறு விதமாகவும் இருந்தால் விளிம்பு கெடும். கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்று வைத்துக் கணக்காகவே பாருங்கள்: வெள்ளை எழுத்தின் விளிம்பில் 50% ஆல்ஃபா உள்ள பிக்சல், ப்ரீமல்டிப்ளைட்டாக இருந்தால் அதன் மதிப்பு 255-இல் பாதி, 128. அதை ஸ்ட்ரெயிட் என்று நினைத்து ஸ்விட்சர் மறுபடி பெருக்கினால் 64 ஆகிவிடும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அதிலிருந்து ஒரு 127 சேர்ந்து 191. வர வேண்டியது 255. அந்தச் சாம்பல்தான் எழுத்தைச் சுற்றித் தெரியும் அழுக்குக் கோடு. கறுப்புப் பின்னணியில் இதே தவறு எழுத்து கொஞ்சம் மெலிந்த மாதிரி மட்டும் தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால்தான் கறுப்பு மேல் மட்டும் வைத்துச் சரி பார்ப்பது ஏமாற்றிவிடுகிறது.

தலைகீழாகவும் நடக்கும். ஸ்ட்ரெயிட் ஃபைலை ப்ரீமல்டிப்ளைட் என்று எடுத்துக்கொண்டால் மென்மையான விளிம்பு முழு வெளிச்சத்தோடு ரம்பப்பல் மாதிரி வரும். டிரான்ஸ்பரன்ட் பகுதிக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளை வெளியே வந்து கேமரா படத்தின் மேலேயே ஏறிவிடவும் செய்யும். பிஎன்ஜி அதன் விதிப்படி ஸ்ட்ரெயிட், டிஜிஏ இரண்டு விதமாகவும் வரும். ஆனால் படத்தை ஏற்றும் மென்பொருள் நடுவில் மாற்றிவிடக்கூடும் என்பதால், ஃபைலின் பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெள்ளை மேல் ஒரு தடவை, கறுப்பு மேல் ஒரு தடவை, கேமரா படத்தின் மேல் ஒரு தடவை டைட்டிலை வைத்து, கீயரில் அந்த ப்ரீமல்டிப்ளைட் டிக்கைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். எது சரி என்று கண்ணே சொல்லிவிடும். சோதனைக்கு நிழல் உள்ள டைட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள், தப்பு அங்கேதான் முதலில் தெரியும். டிக் போடாத லூமா கீயில் (வெளிச்ச அளவை வைத்துப் பின்னணியை நீக்கும் முறை) கிளிப், கெயின் என்ற வெட்டு அமைப்புகள் இரண்டையும் கண்டபடி திருப்பி எழுத்தை 'ஷார்ப்' ஆக்கப் பார்ப்பதும் வேண்டாம், மென்மையான நிழலைத்தான் அது முதலில் வெட்டும்.

சரி, கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாக டைட்டில் அனுப்பினால்? எச்டிஎம்ஐ கேபிளில் ஆல்ஃபா போகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் டிரான்ஸ்பரன்ட் டைட்டிலை எச்டிஎம்ஐ-யில் விட்டுவிட்டு 'ஏன் கறுப்பாக வருகிறது' என்று தேடுகிறவர்கள் நிறைய. முறையான வழி ஃபில் ஒரு லைனிலும் கீ இன்னொரு லைனிலும் அனுப்புவது, ஸ்விட்சரில் இரண்டு இன்புட் செலவாகும். அப்போது இரண்டும் ஒரே மாதிரி கன்வெர்ட்டர் வழியாகப் போகட்டும். ஒன்றில் ஒரு ஃப்ரேம் தாமதம் வந்தாலும், டைட்டில் நகரும்போது நிறம் ஒரு பக்கமும் ஓட்டை ஒரு பக்கமுமாகப் பிரிந்து தெரியும். இரண்டு லைன் இல்லையென்றால் கறுப்புப் பின்னணியில் வைத்து லூமா கீ போடலாம், ஆனால் கறுப்பு எழுத்தும் நிழலும் பின்னணியோடு சேர்ந்து காணாமல் போகும். பச்சைப் பின்னணியில் குரோமா கீ (ஒரு நிறத்தை மட்டும் நீக்கும் முறை) என்றால் நிழல் வேண்டாம், ஒளிவட்டம் வேண்டாம். முழுதாக மூடிய பட்டையும் தடித்த எழுத்துமாக வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பெல்லாம் பச்சை ஒட்டும்.

மூடுபனி படர்கிறது என்றேனே, அது பெரும்பாலும் லெவல் பிரச்சினை. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டரில் 0, 255. கீ சிக்னலின் கறுப்பு 16-இல் வந்து, ஸ்விட்சர் அதை 0-விலிருந்து கணக்கிட்டால், ஒன்றுமே தெரியக் கூடாத இடத்திலும் 6% போலத் தெரியும். கிராபிக்ஸ் கார்டின் அவுட்புட் அமைப்பில் ஃபுல் (0-255), லிமிடெட் (16-235) என்று இருப்பதைப் போய்ப் பாருங்கள்.

அளவு பற்றிச் சுருக்கமாக. ஸ்விட்சர் 1080-இல் ஓடினால் கேன்வாஸ் 1920×1080 முழுதாகவே இருக்கட்டும், டைட்டிலை அது நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். பட்டையை மட்டும் வெட்டி எடுத்து ஸ்விட்சரில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். 72 டிபிஐ, 300 டிபிஐ சண்டைக்கு இங்கே இடமே இல்லை, பிக்சல்தான் கணக்கு. ஓரத்தில் 5% விடுங்கள்: பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54. இன்டர்லேஸ் (படத்தை ஒன்றுவிட்டு ஒரு வரியாக அனுப்பும்) ஒளிபரப்பு என்றால் ஒரு பிக்சல் கிடைக்கோடு போடாதீர்கள், மினுமினுக்கும். நீலப் பட்டையில் மெல்லிய சிவப்பு எழுத்து மானிட்டரில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்ட்ரீமிங்கில் வழக்கமான 4:2:0 என்ற நிறச் சுருக்க முறையில் நிறத்தின் நுணுக்கம் கால்வாசிக்குக் குறைகிறது, எழுத்து கசிந்துவிடும். வெளிச்ச வேறுபாடு இருக்கிற ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்தில் இன்னும் ஒன்று. சில மென்பொருள்களில் 'கொ', 'கை' எல்லாம் உடைந்து கொம்பு தனியாக நிற்கும். பழைய ஃபோட்டோஷாப்பில் இப்படி வந்தால் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாற்ற வேண்டும். பெயரை நேரலையிலேயே தட்டச்சு செய்யும் விமிக்ஸ் (ஸ்விட்சர் மென்பொருள்) டைட்டிலில் அந்த ஃபான்ட் அந்த மெஷினிலேயே இருந்தாக வேண்டும். பட்டையின் உயரத்தை 'கு', 'நூ', 'கீ' மாதிரி மேலும் கீழும் நீளும் எழுத்துகளை வைத்து முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் அப்படி எழுத்துள்ள ஒரு பெயர் வரும்போது சுழி வெட்டுப்படும்.

அப்புறம், ஏடெமில் வீடியோ ஸ்டாண்டர்டை மாற்றினால் மீடியா பூலில் ஏற்றியிருந்த படங்கள் அழிந்துவிடும். அதனால் ஃபார்மட்டை முதலில் முடிவு செய்துவிட்டு டைட்டிலை ஏற்றுங்கள், எல்லா பிஎன்ஜி-யும் ஸ்விட்சரோடு இணைந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், பேசுபவர்கள் மேடைக்கு வரும் வரிசைப்படி எண் போட்டு.