டைனோசர் காலடிச் சுவடுகள்: படிக்கும்போது நேரும் தவறுகள்

தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பின் ஓரம், பூநாரைகள் மேய்ந்து சென்ற சேற்றை உற்றுப் பார்த்தால், ஒரே பறவையின் அடி இறுகிய இடத்தில் விரலிடைத் தோல் வரை தெளிவாகவும், நாலு எட்டு தள்ளி இளகிய இடத்தில் வெறும் குழியாகவும் பதிந்திருக்கும். காலின் வடிவம், ஊன்றிய விதம், சேற்றின் ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே சுவடு உருவாகிறது. டைனோசர் சுவடுகளைப் படிப்போர் முதலில் மறப்பது இதைத்தான்.

டெக்சாசின் பலக்சி ஆற்றுப் பாறையிலுள்ள நீண்ட குழிகளைப் பலர் மனிதக் காலடி என்று நம்பினர். பாதத்தின் பின்பகுதியையும் ஊன்றி நடந்த மூவிரல் டைனோசரின் தடத்தில், விரல் பள்ளங்களை மண் அடைத்துக்கொண்டதால் வந்த தோற்றம் அது. சுவட்டின் பெயரை விலங்கின் பெயராகக் கொள்வதும் தவறு. ஜெய்சல்மேர் அருகே கிடைத்த ஜுராசிக் காலச் சுவடுகள் சிலவற்றுக்கு வழங்கும் யூப்ரான்டிஸ் என்பது தடத்துக்கு இட்ட பெயரே. 1836இல் புவியியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக் அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்குச் சுவடுகளைப் பெரும் பறவைகளுடையவை என்றார். பறவைகளே டைனோசர் வழிவந்தவை என்பதால், அவர் வெகுதூரம் வழிதவறவில்லை என்பேன்.

அளவெடுப்பதில் கூடுதல் கவனம் தேவை. பாத நீளத்தின் ஏறத்தாழ 4 மடங்கு இடுப்புயரம் என்று கொண்டு, அதையும் எட்டின் நீளத்தையும் (ஒரே கால் அடுத்தடுத்துப் பதிந்த இடங்களுக்கு இடையிலான தூரம்) வைத்து வேகத்தைக் கணிக்கும் முறையை பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் 1976இல் வகுத்தார். 30 செ.மீ. சுவடு விளிம்பு தேய்ந்து 40 செ.மீ. ஆகியிருந்தால், 1.2 மீட்டர் இடுப்பு 1.6 மீட்டராகி, வேகம் உண்மையைவிடக் குறைந்து தோன்றும். மிதித்த பரப்பு அரிக்கப்பட்டு, அழுத்தம் இறங்கிய அடிப்படலம் மட்டும் எஞ்சியிருந்தாலும் அளவு பிசகும்.

இணையாகச் செல்லும் தடங்களைக் கண்டதும் மந்தை என்று முடிவு செய்யக் கூடாது. வெவ்வேறு வேளையில் வந்த ஆடுகளும் நீர் விளிம்பை ஒட்டி ஒரே போக்கில்தான் நடக்கும். வாலை இழுத்த கோடு பெரும்பாலான தடங்களில் இல்லை. பழைய படங்களில் வால் தரையில் கிடப்பது தவறு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பாம்பன் தீவின் பவளப் பாறைகளிலோ கடற்கரைக் கற்களிலோ டைனோசர் தடம் தேடுவது வீண். பறவைகள் நீங்கலான டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தன, இப்பாறைகளோ அவற்றுக்கு வெகுகாலம் பின்னால் உருவானவை. அவற்றில் தென்படும் குழிகள் அலை அரித்தவை.