கோழி முட்டைக்குள் கருவின் உயிரணுக்கள் தோல், நரம்பு என வழி பிரிவதைப் பார்ப்பது எப்படி?

சேவலோடு மேயும் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டை வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் அது எளிதாகக் கிடைக்கும். கடையில் தட்டோடு விற்கும் முட்டையில் கரு இருக்காது.

இட்ட அன்றே எடுத்துவிடுங்கள். சுமார் 21 பாகை செல்சியஸைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் ஊர் 30 பாகைச் சூட்டில் கிடந்தால் உருக்குலைந்து செத்துப்போகும். பல சோதனைகள் கெடுவது இங்கேதான். 13–18 பாகையில், ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள்.

அடைகாப்பானில் வெப்பம் 37.5–38 பாகை, ஈரப்பதம் 50–60 விழுக்காடு. முட்டையைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தில் பென்சிலால் குறியிடுங்கள்; உருட்ட வேண்டாம். கரு அந்தப் பக்கம் மிதந்து வரும். 18, 33, 48 மணி நேரத்தில் திறக்க மூன்று முட்டைகள் போதும்.

லிட்டருக்கு 7.2 கிராம் உப்புக் கரைசலை இளஞ்சூடாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைக் கிண்ணத்தில் ஊற்றி, கருவின் மேலுள்ள கெட்டி வெள்ளைக்கருவை டிஷ்யூவால் முழுக்கத் துடைத்தெடுங்கள். கொஞ்சம் மிஞ்சினாலும் அடுத்து வைக்கும் காகித வளையம் ஒட்டாது. நடுவில் 1 சென்டிமீட்டர் துளையிட்ட வடிதாள் வளையத்தைக் கரு துளைக்குள் அமையும்படி வைத்து, வெளி ஓரமாக மஞ்சள்கருச் சவ்வை வெட்டித் தூக்குங்கள். கரைசலில் அலசி, கறுப்புப் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

18 மணி நேரத்தில், பேரிக்காய் வடிவத் தெளிந்த பரப்பின் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் நீள வெண்கோடு தெரியும். இதுதான் முதன்மைக் கீற்று. மேலடுக்கு உயிரணுக்கள் இதன் வழியே உள்ளே இறங்குகின்றன. முதலில் இறங்கியவை அகப்படையாகும் (குடல் போன்ற உள்ளுறுப்புகளின் உட்பூச்சு), அடுத்தவை இடைப்படை (தசை, எலும்பு, இரத்தம்). இறங்காதவை தோலும் நரம்பும் ஆகும். இறங்கும் இடமும் முக்கியம்: கீற்றின் முன்முனையான ஹென்சன் முடிச்சு வழியே போனால் முதுகுநாண் (கருவின் நடுவே ஓடும் தாங்குதண்டு), சற்றுப் பின்னால் என்றால் சோமைட் (பின்னர் முதுகெலும்பும் தசையும் ஆகும் சோடித் திசுக்கட்டி), கடைக்கோடியில் என்றால் கருவுக்கு வெளியேயுள்ள இரத்தக்குழாய்.

இந்த முடிவு உயிரணுவுக்குள் முன்பே எழுதப்பட்டதல்ல. 1930களில் கருவியல் ஆய்வாளர் வாடிங்டன் இந்த முடிச்சை வேறோர் இடத்தில் ஒட்டவைத்தார்; அங்கே இரண்டாவது உடல் அச்சு, அதாவது இன்னொரு உடலின் தொடக்கம், உருவானது. முடிச்சு சுரக்கும் கோர்டின் புரதம், உயிரணுக்களுக்கிடையே செல்லும் பிஎம்பி என்ற புரதச் சமிக்ஞையை அடக்கும். அடங்கிய இடம் நரம்பாகும், அடங்காத இடம் தோலாகும்.

33 மணி நேரத்தில் சுமார் 10 சோடி சோமைட்டுகள் இருக்கும்.

48 மணி நேரக் கருவில் வால்முனையைக் கவனியுங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் மிகச் சுவையான இடம் அதுதான். அங்கே சில முன்னோடி உயிரணுக்களில் மரபணுக்களை இயக்கும் சாக்ஸ்2, பிராக்கியூரி என்ற புரதங்கள் இரண்டும் சேர்ந்தே இருக்கும். டிபிஎக்ஸ்6 என்ற அதே வகைப் புரதம் எழுந்தால் சாக்ஸ்2 அடங்கி, அவை சோமைட் வழி போகும். சாக்ஸ்2 நிலைத்தால் தண்டுவடம். டிபிஎக்ஸ்6 இல்லாத சுண்டெலிக் கருவில் சோமைட் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதலாக இரண்டு நரம்புக் குழாய்கள் முளைத்ததை 1998-இல் கண்டார்கள்.

மாலை இடிமழையில் மின்சாரம் போனால் கருவின் வளர்ச்சி பின்தங்கும். அப்போது கடிகாரத்தை விட்டுவிட்டு சோமைட்டுகளை எண்ணுங்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சோடி. மூன்று நாளைத் தாண்டி வளர்க்க வேண்டாம். முடிந்ததும் கருவை உறையவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். சால்மோனெல்லா தொற்றும் என்பதால் கையையும் மேசையையும் சோப்பால் கழுவுங்கள்.