ரத்தக் குழாய்க்கு வெளிய பச்சையா பரவுதா? சாயத்தை வடிகட்டிப் பாருங்க

நாலு நாள் போச்சு, ஒரு வழியா சரியாயிடுச்சு. காட்பாடில எங்க லேப்ல 10 நாள் கோழிக்கருவோட சவ்வுல இருக்கற ரத்தக் குழாய்ல 70 கிலோடால்டன் (மூலக்கூறு எடை) எஃப்ஐடிசி டெக்ஸ்ட்ரான், அதாவது பச்சையா ஒளிர்ற சாயம் ஒட்டின பெரிய சர்க்கரை மூலக்கூறு, ஏத்தி ரத்த ஓட்டம் படம் எடுக்கறேன், ரெண்டே நிமிஷத்துல குழாய்க்கு வெளியவும் பச்சைப் புகை மாதிரி பரவி ஓரமே தெரியல. ஊசி குழாயைக் கிழிச்சிருக்கும்னு மெல்லிசு ஊசி போட்டேன், மைக்ரோஸ்கோப் ஃபில்டர் மாத்தினேன், எக்ஸ்போஷர் குறைச்சேன், முட்டையே வேற இடத்துல வாங்கினேன், ஒண்ணும் ஆகல. ஆனா ஊசி குத்தின இடத்துக்கு ரொம்ப தள்ளி இருக்கற குழாயைச் சுத்தியும் அதே மங்கல், அப்போ கிழிசல் இல்ல, சாயமேதான் கசியுது.

மிச்சக் கரைசலை 30 கிலோடால்டனை விடப் பெரிய மூலக்கூறைத் தடுக்கற ஃபில்டர் டியூபுல போட்டு சென்ட்ரிஃப்யூஜ் பண்ணேன். டெக்ஸ்ட்ரான் மேலயே நிக்கணும், கீழ வெறும் தண்ணி வரணும். வந்தது எலுமிச்சை மஞ்சள், நீல வெளிச்சத்துல பளிச்னு பச்சை! டெக்ஸ்ட்ரானோட ஒட்டாத சாயம் அது, 400 டால்டனுக்கும் கம்மி, குழாய்ச்சுவர்ல சுலபமா நழுவிடும். கீழ வர்றது நிறமில்லாம ஆகற வரைக்கும் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்தி அஞ்சு தடவை கழுவினேன். அடுத்த முட்டைல குழாய் ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கு, சிவப்பணு ஒவ்வொண்ணும் கருப்பு நிழலா வரிசையா போகுது. கழுவினதை சின்னச் சின்னதா பிரிச்சு, அலுமினியத் தாள் சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன், வேலூர் மே மாச வெயில்ல மேஜை மேல விடறதே இல்ல.