சிபிஎஃப் பணம் சும்மா கிடக்கவில்லை

2007-இல் ஒரு கடைத்தொகுதியின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க சிபிஎஃப் பணம் சும்மாதானே கிடக்குது?" என்று கேட்டார். சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஓய்வுக்காலத்துக்காகப் பிடிக்கப்படும் மத்திய சேமநிதிப் பணத்தைத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக் கடனுக்கும் முதலீட்டுக்கும் பயன்படுத்தக்கூடிய சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்து, பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் ஒன்றை அவர் காட்ட, அதில் போட்டேன். அடுத்த ஆண்டு சந்தை சரிந்தது. 2009 தொடக்கத்தில் பயந்துபோய் நட்டத்தில் விற்றேன். சந்தை திரும்பி ஏறியதை வெளியில் நின்று வேடிக்கை பார்த்தேன். எல்லாருக்கும் நடக்கிற கதைதான். ஆனால் என் தவறு விற்றபோது தொடங்கவில்லை. "சும்மா" என்ற சொல்லுக்குத் தலையாட்டினேனே, அங்கேயே தொடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதிப் பணத்தை உறுப்பினர் தாமே முதலீடு செய்ய 1986-லிருந்து வழி இருக்கிறது. இப்போதுள்ள முதலீட்டுத் திட்டம் 1997-இல் வந்தது. சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளியை விட்டுவைத்து, அதற்கு மேல் உள்ளதை முதலீடு செய்யலாம். ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கப்படும் சிறப்புக் கணக்கில் 40,000 வெள்ளியை விட்டுவைக்க வேண்டும். ஆனால் எந்த முதலீட்டிலும் இறங்காமல் இருந்தாலே சாதாரணக் கணக்கு குறைந்தது 2.5 விழுக்காடும் சிறப்புக் கணக்கு குறைந்தது 4 விழுக்காடும் வட்டி தருகின்றன. சந்தை விழுந்தாலும் இந்த வட்டி விழாது. 50,000 வெள்ளியை 2.5 விழுக்காட்டில் 20 ஆண்டு விட்டால் ஏறக்குறைய 81,900 ஆகும். 4 விழுக்காட்டில் 1,09,600. நீங்கள் வாங்கப்போகும் எதுவும் முதலில் இந்தக் கணக்கை ஜெயிக்க வேண்டும். ஆண்டுக்கு 1.5 விழுக்காடு கட்டணம் பிடிக்கும் நிதி என்றால், அது 4 விழுக்காடு சம்பாதித்தால்தான் சாதாரணக் கணக்கோடு சரிக்குச் சரி நிற்கும்.

இப்படி ஜெயித்தவர்கள் குறைவு. அப்போது துணைப் பிரதமராக இருந்த தர்மன் 2016-இல் வெளிப்படையாகவே சொன்னார்: இந்தத் திட்டத்தில் முதலீடு செய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், பணத்தைச் சாதாரணக் கணக்கிலேயே விட்டிருந்தால் நன்றாக இருந்திருப்பார்கள். கட்டணம் இதில் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் வாங்கும்போதே பிடிக்கப்படும் விற்பனைக் கட்டணத்தின் உச்சவரம்பை 2018 அக்டோபரில் 3-லிருந்து 1.5 விழுக்காடாகக் குறைத்தார்கள். 2020 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். நிதிக்குள்ளேயே ஆண்டுதோறும் பிடிக்கப்படும் நிர்வாகக் கட்டணம் போகவில்லை. "விற்பனைக் கட்டணம் இல்லை" என்று யாராவது சொன்னால், அது அவர் தரும் சலுகை இல்லை, விதியே அதுதான்.

பங்கு வேண்டாம், பாதுகாப்பாக டி-பில் (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரம்) வாங்கலாம் என்பவர்கள் விழும் குழி வேறு. 2022 டிசம்பரில் ஆறு மாத டி-பில் 4.4 விழுக்காடு வரை போனபோது சிபிஎஃப் பணத்தோடு வங்கிகளில் வரிசை நின்றது. 4.4 கிடைத்தவர்களுக்கு லாபம்தான். ஆனால் 3 விழுக்காடு கிடைத்தாலும் 2.5-ஐ விட அதிகம்தானே என்று நினைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிபிஎஃப் வட்டி மாதக் கணக்கு. மாதத்தின் எந்த நாளில் பணம் வெளியே போனாலும் அந்த மாதம் முழுவதற்கும் அதற்கு வட்டி இல்லை. எந்த நாளில் திரும்பி வந்தாலும் அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி. மே மாதக் கடைசியில் 50,000 வெள்ளி போய் நவம்பர் கடைசியில் திரும்பினால், நீங்கள் இழப்பது ஆறு மாத வட்டி இல்லை, ஏழு மாத வட்டி: சுமார் 729 வெள்ளி. 3 விழுக்காட்டு டி-பில் தருவது சுமார் 750. இருபது வெள்ளி லாபத்தில் வங்கிக் கட்டணமும் போக வேண்டும். முதிர்ந்த பணம் கணக்குக்கு வந்துசேர டிசம்பர் ஆகிவிட்டால் எட்டு மாதம், 833 வெள்ளி. நேரடி நட்டம். 2025-இல் டி-பில் வருவாயே 2.5-க்குக் கீழே இறங்கியபிறகு இந்தக் கணக்குக்கும் தேவை இல்லாமல் போனது.

இதே இடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. விற்ற பணமும் ஈவுத்தொகையும் நேராகச் சாதாரணக் கணக்குக்குப் போவதில்லை. முதலில் வங்கியில் உள்ள சிபிஎஃப் முதலீட்டுக் கணக்கில் வந்து உட்காரும். அது உண்மையிலேயே சும்மா கிடக்கும் பணம். தொடர்ந்து இரண்டு மாதம் நடமாட்டம் இல்லாவிட்டால் வங்கியே திருப்பி அனுப்பும். அதுவரை காத்திருக்காமல் நீங்களே திருப்பி அனுப்பலாம். லாபத்தைக் கையில் ரொக்கமாக எடுக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. முடியாது, லாபமும் சிபிஎஃப்-க்கே போகும்.

சிறப்புக் கணக்கைப் பற்றி என் கருத்து ஒரே வரி: உறுதியான 4 விழுக்காட்டை விட்டு வெளியே வராதீர்கள். 55 வயதை நெருங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பழைய யோசனை ஒன்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 55-க்குச் சில நாள் முன்பு சிறப்புக் கணக்குப் பணத்தை ஒரு நிதியில் ஒளித்துவைத்து, 55-இல் திறக்கப்படும் ஓய்வுக்காலக் கணக்குக்குச் சாதாரணக் கணக்கிலிருந்து பணம் போனபின் விற்றுத் திரும்பக் கொண்டுவரும் வித்தை அது. 2025 ஜனவரி 19 முதல் 55 ஆனவர்களுக்குச் சிறப்புக் கணக்கே மூடப்படுகிறது. திரும்பி வரக் கணக்கு இல்லை. விற்ற பணம் முழு ஓய்வுக்காலத் தொகை வரை ஓய்வுக்காலக் கணக்குக்கும், மீதி 2.5 விழுக்காட்டுச் சாதாரணக் கணக்குக்கும் போய்விடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் மாதத் தவணையைச் சிபிஎஃப்-இலிருந்து கட்டுகிறவர்கள், 20,000 வெள்ளியைத்தான் விட்டுவைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வேலை போனால் புதிய பணம் வராது, தவணை நிற்காது. தவணை 1,500 என்றால் 20,000 வெள்ளி பதின்மூன்று மாதம்தான் தாங்கும். அந்தச் சமயத்தில் சந்தையும் படுத்திருந்தால் விலை பார்க்காமல் விற்க வேண்டிவரும். வேலை போவதும் சந்தை சரிவதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வருகின்றன.

அப்புறம், தங்கம் மீது ஆசைப்படுகிறவர்களுக்கு: முதலீட்டுக்குரிய சேமிப்பில் தங்கத்துக்கு 10 விழுக்காடு, பங்குகளுக்கு 35 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. சாதாரணக் கணக்கிலிருந்து மட்டும்தான்.

பலரும் அறியாத ஒன்று நியமனம், அதாவது நாம் இறந்தபின் பணம் யாருக்கு என்று குறித்துவைப்பது. சிபிஎஃப் நியமனப் படிவத்தில் மனைவி பெயரையோ பிள்ளைகள் பெயரையோ எழுதிவிட்டால் எல்லாம் அவர்களுக்குப் போகும் என்று நம்புகிறோம். கணக்கில் இருக்கும் பணத்துக்குத்தான் அது பொருந்தும். முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய யூனிட் டிரஸ்டும் பங்கும் அதில் சேராது. முன்பு சலுகை விலையில் கிடைத்த, தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லின் பங்குகள் மட்டும் விதிவிலக்கு. மற்றவை உயில் இருந்தால் உயில்படியும் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படியும், முஸ்லிம்களுக்கு ஃபராயிழ் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படியும் பிரியும். அதற்கான தாள்களைத் தயார்செய்து அலைய வேண்டியது வீட்டில் இருப்பவர்கள். எந்த வங்கியில் எந்த முதலீடு என்று ஒரு தாளில் எழுதி, உயிலோடு சேர்த்து வைத்துவிடுங்கள். என் மனைவியிடம் நான் இதைக் கொடுத்தது போன வருடம்தான்.