ஓரத்தில் அசைவு, நடுவில் திறப்பு: அயனிக் கால்வாயை ஸ்ட்ராவில் கட்டிக் காட்டும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நரம்புப் பாடம் வந்தால் ‘கால்வாய்’ என்ற சொல்லே அவர்களைத் திசைதிருப்பிவிடுகிறது. வடசென்னைப் பிள்ளைக்குக் கால்வாய் என்றால் பக்கிங்காம் கால்வாய். எந்நேரமும் திறந்து கிடப்பது. செல் சவ்விலுள்ள அயனிக் கால்வாயோ, அதாவது மின்சுமையுள்ள அயனிகள் கடக்கும் புரத வழியோ, பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அதைத் திறப்பது எது என்பதுதான் பாடமே. மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாயில் நான்கு கூறுகள் நடுத்துளையைச் சுற்றி நிற்கும். ஒவ்வொரு கூறிலும் எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு சுருள்கள். எஸ்4 மின்னழுத்தத்தை உணர்வது, எஸ்6 துளையின் கதவு.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி ஒருநாள் கேட்டாள்: “டீச்சர், மின்னழுத்தம் மாறினால் ஓரத்திலிருக்கும் எஸ்4தான் நகர்கிறது என்கிறீர்கள். ஓட்டை நடுவில் இருக்கிறதே, அது எப்படித் திறக்கும்?” எத்தனை படம் வரைந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, கையால் இழுத்துப் பார்த்தால்தான் புரியும். அன்று இரவே இந்த மாதிரியைக் கட்டினேன்.

வாங்க வேண்டியவை: இரண்டு அங்குலத் தெர்மகோல் பலகை, கழுத்து வளையும் காகித ஸ்ட்ரா எட்டு, சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை, ஒரு ரப்பர் பேண்ட், மணிமாலையிலிருந்து பெரிய மணி ஒன்று, கொஞ்சம் தூண்டில் நரம்பு. கல்மண்டபம் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். தூண்டில் நரம்புக்குப் பதில் தையல் நூல் போடாதீர்கள்; அது தொய்ந்துவிடும். தொய்வு எவ்வளவு கெடுதல் என்பது பின்னால் தெரியும்.

தெர்மகோல்தான் சவ்வு. அதன் மேற்பக்கம் செல்லின் வெளிப்புறம், அடிப்பக்கம் உட்புறம். உண்மைச் சவ்வின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். ஓய்விலுள்ள நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் இருக்கிறது. எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் அந்த மெல்லிய தடிமனுக்குள் அது மீட்டருக்கு ஒன்றே முக்கால் கோடி வோல்ட் அளவுக்குச் செறிந்த புலம். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எஸ்4 ஏன் அசைகிறது என்பதற்கு இதுவே காரணம்.

பலகையின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவில் துளையிடுங்கள். நான்கு ஸ்ட்ராக்களைத் துளையின் விளிம்போடு ஒட்டுங்கள். வளையும் கழுத்து பலகையின் அடிப்பரப்பை ஒட்டி வரட்டும். கீழே தொங்கும் நான்கு முனைகளையும் உள்நோக்கி மடக்கி, ரப்பர் பேண்டால் சேர்த்துப் பிடியுங்கள். இவை எஸ்6. பழ ஈயின் ஷேக்கர் என்ற பொட்டாசியம் கால்வாயில் இதே போன்ற இடத்தில் புரோலின்-வேலின்-புரோலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சுருளை வளைக்கின்றன. கதவின் கீல் அதுதான். ரப்பர் பேண்டுக்கும் காரணம் உண்டு: அந்தக் கால்வாயின் துளையைத் தன்போக்கில் விட்டால் மூடிய நிலையிலேயே நிற்க விரும்பும்.

இனி எஸ்4. நடுத்துளையிலிருந்து மூன்று விரல் தள்ளி, நான்கு பக்கமும் ஒவ்வொரு துளை. அதில் ஸ்ட்ரா தாராளமாக ஏறி இறங்க வேண்டும். செருகுவதற்கு முன் பொட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் நேர்மின் சுமையுள்ள ஆர்ஜினின் வருவதால், பொட்டுகள் ஒரு முழுச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி மேலேறும். நான்கு பொட்டு போதும். பிள்ளைகள் நேர்கோட்டில் ஒட்டிவிடுவார்கள். ஸ்ட்ராவை விரலில் உருட்டியபடி ஒட்டச் சொல்லுங்கள், சுருள் தானாக வரும். எஸ்1 முதல் எஸ்3 வரை எஸ்4-க்குத் துணை நிற்பவை. மாதிரியில் அவை வேண்டாம். எஸ்5-ஐயும் பலகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் தூண்டில் நரம்பு. ஒரு நுனியை எஸ்6-இன் கீழ்முனையில் கட்டி, மறுநுனியை எஸ்4 துளைக்குள் ஏற்றி, எஸ்4-இன் அடியில் முடிச்சிடுங்கள். இதுதான் எஸ்4-எஸ்5 இணைப்பு. இந்த மாதிரியில் என் மனம் நிற்கும் இடம் இது.

இப்போது நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு எஸ்4-ஐ மெல்ல மேலே இழுக்கட்டும். உட்புறத்தின் எதிர்மின் தன்மை குறையும்போது நடப்பது இதுவே. நரம்பு விறைக்கும், எஸ்6 முனைகள் விரியும், துளை திறக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்ற பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது: தகவல் வருவது ஓரிடம், கை சுழற்றுவது ஓரிடம், தடுப்பு எழுவது வேறிடம்.

பிறகு ஒரே ஒரு நரம்பைத் தொய்வாகக் கட்டி மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். எஸ்4 முழுதாக ஏறும், அந்தப் பக்கத்து எஸ்6 அசையாது. மின்னழுத்தத்தை உணராத பாக்டீரியக் கால்வாயான கேசிஎஸ்ஏ-வின் துளையை ஷேக்கரின் உணர்பகுதியோடு பொருத்தியவர்கள் கண்டதும் இதே பாடம். இணைப்பும் எஸ்6-இன் கீழ்முனையும் ஒன்றுக்கொன்று பொருந்தி, இரண்டுமே ஷேக்கரிலிருந்து வந்தால்தான் அந்தக் கலவை மின்னழுத்தத்துக்குத் திறந்தது.

பொட்டை உரித்தும் பாருங்கள். சுமை குறைந்தால் மின்னழுத்தத்துக்கான கூர்மை மழுங்கும்.

மணியைத் தனியாக ஒரு தூண்டில் நரம்பில் கோத்து அடியில் தொங்கவிடுங்கள். திறந்த துளைக்குள் அதைத் தள்ளினால், எஸ்4 மேலேயே இருக்கும்போதும் வழி அடைபடும். 1990-இல் ஷேக்கரின் தொடக்கத்திலுள்ள சுமார் இருபது அமினோ அமிலங்கள்தான் இந்த மணி என்று காட்டினார்கள். மணியைத் தாங்கும் அமினோ அமிலச் சங்கிலியைச் சுருக்கினால் சீக்கிரம் அடைத்தது, நீட்டினால் தாமதமாயிற்று. ‘மூடுவது’ வேறு, ‘அடைபடுவது’ வேறு என்று பிள்ளைகள் இங்கே பிரித்துக்கொள்வார்கள். தேர்வில் தடுமாறும் இடமும் இதுவே.

நேரம் இருந்தால் எல்லாப் பொட்டையும் உரித்துவிட்டு, எஸ்4-க்கும் நரம்புக்கும் நடுவே மிளகாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டறிந்த டிஆர்பிவி1 என்ற கால்வாய் இப்படித்தான்: அதே ஆறு சுருள், அதே நான்கு கூறு, ஆனால் எஸ்4-இல் அந்தச் சுமைகள் இல்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எஸ்3, எஸ்4, இணைப்பு ஆகியவற்றுக்கு இடையிலுள்ள குழியில் அமர்ந்து துளையைத் திறக்கிறது. சுமார் 43 டிகிரி வெப்பமும் அதைத் திறக்கும். அதனால்தான் மிளகாய் ‘சுடுகிறது’. பறவைகளின் டிஆர்பிவி1-ஐ வெப்பம் திறக்கும், கேப்சைசின் அசைக்காது. எங்கள் பக்கத்து வீட்டுக் கிளி பச்சை மிளகாயைக் காம்புவரை தின்றுவிட்டு இன்னொன்று கேட்பதைப் பிள்ளைகள் மாடியிலிருந்தே பார்த்தார்கள்.